செவ்வாய்க் கப்பலில் என் அம்மா

5 அக்டோபர் 2025, ஞாயிறு

காலையில் மோட்டார் ஓடவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழே போனால் லாரித் தண்ணீருக்கு வரிசை பிளாக் முனை வரை நிற்கிறது. ரிட்டையர் ஆனவளுக்கு என்ன அவசரம் என்று ஆளாளுக்கு என்னை முந்துகிறார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஊரார் அவசரத்தையெல்லாம் காதில் வாங்கியவள் நான். இதுங்களா என்னை அசைக்கும்? ஒரு சத்தம் போட்டேன், வழி விட்டார்கள்.

மத்தியானம் ஒரு பெண் வந்தாள். பெயர் எழில்மொழி. பழைய படச்சுருள்களைத் தேடிப் பிடித்துச் சுத்தம் செய்கிற இடத்தில் வேலையாம். ‘செவ்வாய்க் கப்பல்’ பற்றிக் கேட்க வந்திருக்கிறாள். கல்லூரியில் அதைப் பாடமாக வைத்திருக்கிறார்களாம். வெளிநாட்டுக்காரர்கள் அதைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார்களாம். “இப்ப வர்ற பெரிய படங்கள்ல ஜனங்க பயந்து ஓடற சீன் எல்லாத்துக்கும் தாய் இந்தப் படம்தான்மா” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்கு அது படமே இல்லையே.

ஐம்பத்தெட்டில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். செவ்வாய் கிரகத்திலிருந்து ஒரு கப்பல் ராயபுரம் கடலில் வந்து இறங்கும். அதிலிருந்து தகரச் சட்டை போட்டவர்கள் இறங்குவார்கள். துறைமுகத்தில் சங்கு ஊதும், ஜனங்கள் ஓடுவார்கள். அப்போது எங்கள் ஆட்கள் துறைமுகத்து ஓரம் குடிசை போட்டிருந்தார்கள். ஓடுவதற்கு ஆள் வேண்டும் என்று படக் கம்பெனிக்காரர்கள் கேட்க, தெருவே போய் ஓடியது. ஆளுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம். அப்புறம் குடிசைகளை எடுத்து எங்களை வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீடுகளுக்கு மாற்றினார்கள். ஓடியவர்கள் ஒவ்வொருவராக மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். போட்டோ எடுத்து மாட்டிவைக்க அன்றைக்கு யாருக்கு வசதி? படம்தான் மிச்சம்.

அதனால் காணும் பொங்கலன்று ஊர் முழுக்க பீச்சுக்குப் போகும்போது நாங்கள் மட்டும் பி பிளாக் சுவருக்கு வெள்ளையடித்து அந்தப் படத்தைப் போடுவோம். கூட்டம் ஓடுகிற இடம் வந்ததும் அவரவர் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். “யோவ் ஏகாம்பரம், வேட்டிய புடிச்சுக்கோய்யா!” “ஆயா, ஓடு ஓடு!” அழுகை ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். எங்கள் பையன்களின் ஃபுட்பால் பனியனில்கூட அந்தக் கப்பல்தான்.

நடுவில் ஒருத்தி வருவாள். தலையில் முக்காடு, இடுப்பில் கூடை. தடுக்கிச் சமாளித்து, ஒரு தரம் நம் பக்கம் திரும்பிவிட்டு ஓடிப்போவாள். கண் சிமிட்டினால் போச்சு. அவள்தான் என் அம்மா பட்டம்மாள். நான் தவழ்ந்துகொண்டிருந்தபோதே ஜுரத்தில் செத்துப்போனாள். ஏழு வயதில் நைனா என்னை டெண்ட் கொட்டகை மணலில் உட்காரவைத்துக் காட்டினார்: “தோ ஓடறா பாரு, ஒங்கம்மா.” அதற்கு மேல் எனக்கு அம்மா கிடையாது.

நாங்கள் போடுவது டிவியிலிருந்து எடுத்து, அதிலிருந்து இன்னொன்று எடுத்து, நைந்துபோன காப்பி. அம்மாவின் மூக்கும் வாயும் ஒரே சாம்பல் பூச்சு. ஆனால் கம்பெனியை மூடியபோது எங்கள் தெருக்காரர் ஒருவர் குப்பையிலிருந்து எடுத்துவந்த அசல் ரீல், எங்கள் ஆட்கள் நடத்தும் மன்றத்து பீரோவில் இருக்கிறது. அது கிடைத்தால் முகங்கள் பளிச்சென்று தெரியும் என்கிறாள் எழில்மொழி.

“கம்ப்யூட்டர்ல புதுசா எதுவும் வரைஞ்சிட மாட்டீங்களே?”

“இல்லம்மா. பிலிம்ல என்ன கீதோ... என்ன இருக்கோ, அதுதான்.” எங்களோடு ஒரு மணி நேரம் பேசியதிலேயே அவளுக்கும் ‘கீது’ ஒட்டிக்கொண்டது.

அம்மாவின் கண்ணைப் பார்க்கலாம்.

7 அக்டோபர்

அண்ணன் முடியாது என்கிறார்.

மன்றத்துச் செயலாளர் அவர்தான். டில்லிபாபு என்றால் வியாசர்பாடியில் ‘கப்பல் டில்லி’ என்று சொன்னால்தான் தெரியும். பீரோ சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்குகிறது. ஓடிப்போய்ச் சொன்னேன், அம்மா முகம் தெரியப்போகிறது என்று. அவர் காதில் விழாத மாதிரி வெற்றிலையில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

“வாணாம் பாப்பா.”

“ஏன்?”

“கீறது கீறபடியே இருக்கட்டும். ரீலு ஒடைஞ்சி பூட்டா யாரு பதில் சொல்றது?”

“அந்தப் பொண்ணு எழுதிக் குடுக்குது.”

“எழுதிக் குடுத்தா? ஒனுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?”

பேஜாரா? அவருக்கு அம்மாவோடு ஏழு வருஷம். எனக்கு? அவர் அம்மா கையால் தின்றவர், அம்மா மடியில் தூங்கியவர். வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்கு டயட் சொல்கிற கதை. அப்படியே சொல்லிவிட்டேன், முகத்துக்கு நேராக. முத்தம்மா அண்ணி அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். அண்ணன் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் இப்படி மெல்லும்போதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

12 அக்டோபர், ஞாயிறு

மன்றத்தில் கூட்டம் போட வைத்தேன். வீடு வீடாகப் போய்ப் பேசியது வீண் போகவில்லை. எல்லோருக்கும் ஆசைதானே, தாத்தா முகத்தையும் ஆயா முகத்தையும் பார்க்க. கை தூக்கச் சொன்னார்கள். மொத்த மன்றமும் தூக்கியது. அண்ணன் ஒருவர் மட்டும் மடியில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்து, கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். எறியக்கூட இல்லை, வைத்தார். “இனிமே நீங்களே பாத்துக்கோங்க” என்று செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார். இத்தனை வருஷச் செயலாளர். ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டிருக்க வேண்டும். ஜெயித்த தெம்பில் இருந்தேன். கூப்பிடவில்லை.

20 அக்டோபர்

தீபாவளி. அண்ணன் வீட்டிலிருந்து பலகாரம் வரவில்லை. நானும் அனுப்பவில்லை. யாருக்கு நஷ்டம்? போகட்டும்.

அதிரசம் நன்றாக வந்திருந்தது. அவருக்குப் பிடிக்கும்.

16 நவம்பர்

ஓயாத மழை. சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்று பஸ் சுற்றிப் போகிறது. எழில்மொழி போனில் சொன்னாள், ரீல் நல்லபடியாக இருக்கிறதாம், பூஞ்சை கொஞ்சம்தானாம், வேலை நடக்கிறதாம். இன்னொன்றும் சொன்னாள். படத்தின் கடைசியில், கூட்டத்தில் ஓடியவர்களின் முகத்தைக் காட்டி, கீழே அவரவர் பெயரைப் போடப் போகிறார்களாம். பேர் தெரியாமலே இத்தனை காலம் ஓடிவிட்டார்களாம், இனிமேலாவது தெரியட்டுமாம். அம்மா பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். ப, ட், ட, ம், மா, ள்.

எழும்பூரில் இருக்கிற என் மகன் தீபனிடம் சொன்னால், “பெரிய மாமாகிட்ட பேசும்மா மொதல்ல” என்கிறான். இவனுக்கு என்ன தெரியும்.

தெருவில் அண்ணன் எதிரே வந்தார். குடையைத் தாழ்த்திக்கொண்டு போனார். நானும் பார்க்காத மாதிரி போனேன். இரண்டு கிழங்களுக்கும் நல்ல வீம்பு.

7 டிசம்பர், ஞாயிறு

எப்படி எழுதுவது?

எழில்மொழி லேப்டாப்போடு வந்தாள். மற்றவர்களுக்குக் காட்டுவதற்கு முன்னால் எனக்குத்தான் முதலில் காட்டவேண்டும் என்று தோன்றியதாம். காபி கொடுத்தேன், அது ஆறியது. திரையில் கடல் தெரிந்தது. அடேயப்பா, அலை நுரை தெரிகிறது. கிரேன் கம்பியில் காக்காய் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. கூட்டம் ஓடுகிறது. ஏகாம்பரத்தின் மீசையைக்கூட எண்ணலாம்.

அவள் வந்தாள். எழில்மொழி நிறுத்திக் காட்டினாள்.

நான் முக்காடு என்று நினைத்தது புடவைத் தலைப்பு இல்லை. வெள்ளைத் துப்பட்டி. ஓரம் முழுக்கப் பூப்பின்னல். பாய் வீட்டுப் பெண்கள் வெளியே வரும்போது மேலே சுற்றிக்கொள்வார்களே, அதே துப்பட்டி. ஓடுகிற வேகத்தில் அது விலகியிருக்கிறது. காது மடல் நெடுக, மேலிருந்து கீழ் வரை, வரிசையாக வளையம். எங்கள் ஆட்களில் எவளுக்கு அப்படிக் காது குத்துவார்கள்? சின்னப் பெண். பதினாறு பதினேழுக்கு மேல் சொல்ல முடியாது. பயந்த மாதிரி நடிக்கத் தெரியாமல் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைத்தான் அம்மா என்னைத் திரும்பிப் பார்ப்பதாக நான்...

“அம்மா அழகா இருக்காங்கம்மா” என்றாள் எழில்மொழி. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கத்தினேன். யார்றி நீ? யாரு பெத்த பொண்ணு நீ? கண்ணாலத்துக்கு மொத நாளு ஒங்கிட்டதானே வந்து அழுதேன். தீபன் பொறந்தப்போ ஒங்கிட்டதானே தூக்கிக் காட்னேன், சொவுத்துல, அம்மா பேரன பாருன்னு. நீ யாரோ. எவளோ. ஐயோ, என்னா வேலை பண்ணிகினேன் நானு. சும்மா கெடந்தத நோண்டி, நானே...

8 டிசம்பர்

வெளியே போகவில்லை. கேட்டவர்களிடம் ஜல்பு பிடித்திருக்கிறது என்றேன்.

11 டிசம்பர்

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே ரிமோட்டை எடுத்து அணைத்தார்.

“துப்பட்டி தெரிஞ்சிபோச்சா?”

அப்படியானால் அவருக்குத் தெரியும். நின்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனாள்.

“அம்மா அன்னிக்கு ஓடவே இல்ல பாப்பா. நான் வயித்துல இருந்தேன். மாசமா கீற பொம்பள ஓடக்கூடாதுன்னு கம்பெனிக்காரன் கயித்துக்கு அந்தாண்ட நிக்க வெச்சிட்டான். நின்னு வேடிக்கை பாத்துட்டு, பிரியாணி மட்டும் ரெண்டு பொட்டலம் கேட்டு வாங்கிகினு வந்தாளாம். எனுக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. நைனா சொல்லி சொல்லி சிரிப்பாரு.”

“அப்புறம் ஏன் என்கிட்ட...”

“கொட்டாய்ல எல்லா புள்ளைங்களும் எங்க ஆயா, எங்க மாமான்னு கை காட்டிகினு இருந்துச்சுங்க. எனுக்கு எங்க, எனுக்கு எங்கன்னு நீ ஒரே அழுகை. மூச்சு நின்னு பூடும்போல அழுத. நைனா இன்னா செய்வாரு? கைய நீட்டிட்டாரு. யாரு மேல நீட்னாருன்னு அவருக்கே தெரியாது. மறுநா காத்தால ஒவ்வொரு வூடா போயி சொல்லிட்டு வந்தாரு. பாப்பா பட்டம்மான்னு கூப்ட்டா நீங்களும் கூட கூப்டுங்கப்பான்னு. கூப்டற வழக்கமே அன்னிலேர்ந்துதான். அதுக்கு முன்ன யாரு கத்துனாங்க? கம்முனுதான் பாப்பாங்க.”

தெருவே. பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஏகாம்பரத்தின் பெண்சாதி, படப்பிடிப்பில் லைட் தூக்கின பெருசு, என்னைத் தூக்கி வளர்த்த ஆட்கள் எல்லாம், வருஷா வருஷம் எவளோ ஒருத்தியைப் பார்த்து என் அம்மா பெயரைத் தொண்டை கிழியக் கத்திவிட்டு, வாயைத் திறக்காமலே செத்துப்போனார்கள். எல்லோரையும்விட உரக்கக் கத்தியது அண்ணன். இப்போது நினைத்தால் தெரிகிறது. அவர் குரல்தான் முதலில் எழும்பும்.

அங்கே நன்றி சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன்? “எல்லாரும் சேந்து என்ன பைத்தியக்காரி ஆக்கிட்டீங்க” என்று சொன்னேன். “அப்டியே வெச்சுக்கோ” என்றார் அண்ணன். எழுந்து வந்துவிட்டேன்.

25 டிசம்பர்

காலையில் கதவு தட்டினார்கள். கறுப்பு புர்கா, கையில் கேக் டப்பா, நடுவயதுப் பெண். தண்டையார்பேட்டையிலிருந்து வருகிறாள், பெயர் ரஹீமுன்னிசா. எழில்மொழி அந்த ஓடுகிற காட்சியை நெட்டில் போட்டிருக்கிறாள், யாருக்காவது இவர்களை அடையாளம் தெரிகிறதா என்று. ரஹீமுன்னிசாவின் பையன் ஒவைஸ் அதைப் போனில் காட்டியிருக்கிறான். வியாசர்பாடியில் பட்டம்மாள் மகள் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

“அக்கா, நான் சண்டைக்கு வரல” என்றாள் வாசலிலேயே. “அந்த மூஞ்சிக்கு நேரா ஒங்க அம்மா பேரு பதிஞ்சு கீதாம். அதான் ஒங்களாண்ட கேட்டுட்டு அப்பால பேசலாம்னு.”

உள்ளே வரச் சொன்னேன். கைப்பையிலிருந்து ஒரு ஓட்டர் கார்டை எடுத்து நீட்டினாள். மைமூன் பீவி. சுருங்கிய கிழமுகம். காது மடலில் ஓட்டைகள் மட்டும் வரிசையாக, வளையம் இல்லை. அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே.

இந்த அம்மாவும் அதே துறைமுகத்து ஓரத்தில்தான் இருந்திருக்கிறாள். குடிசைகளை எடுத்தபோது அவர்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் சொந்தக்காரர்களோடு போய்விட்டார்கள். அதனால்தான் எங்கள் சுவருக்கு எதிரே அவளைக் கூப்பிட ஆளில்லை. வீட்டுக்குத் தெரியாமல் போய் ஓடியிருக்கிறாள் பெண். தெரிந்தால் தோலை உரித்திருப்பார்கள். கடைசிவரை யாரிடமும் மூச்சு விடவில்லையாம்.

“மூணு வருஷம் முன்னதான் மவுத்தாயிட்டாங்க. டிவில அந்தப் படத்தப் பத்தி இன்னாவோ சொல்லிகினு இருந்தா மட்டும் சிரிப்பாங்கக்கா. எதுக்கும்மா சிரிக்கறன்னா, ஒண்ணுமில்ல போம்பாங்க.” ரஹீமுன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அல்லாவே, இவ்ளோ அழகா இருந்துகீறாங்க பாருங்க.”

மூன்று வருஷம் முன்பு வரை. தண்டையார்பேட்டையில். நான் பல தடவை மாலை மார்க்கெட்டுக்குப் போன வழி. ஒருவேளை கீரைக்கட்டுக்கு இரண்டு பேரும் ஒரே கூடையில் கை விட்டிருப்போம். அங்கே உயிரோடு நின்ற பெண்ணை இங்கே சுவரில் பார்த்து, செத்த என் தாயே என்று அழுதிருக்கிறேன். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

“ஒங்க அம்மாதான்” என்றேன் அவளிடம். “சந்தேகமே வாணாம். எடுத்துகினு போங்க.” ஏதோ நான் வைத்திருந்த பொருள் மாதிரி. நாங்கள் சுவரில் பார்த்துக் கூப்பிடுகிற கதையைக் கேட்டுவிட்டு, போகும்போது என் கையைப் பிடித்து, “இத்தினி வருஷம் எங்கம்மாவ நீங்கள்லாம் கூப்ட்டுகினு இருந்தீங்களே, அது போதும்க்கா” என்றாள். அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்கு அது நெஞ்சில் குத்தியது.

2 ஜனவரி 2026

எழில்மொழிக்குப் போன் செய்து பெயரை எடுக்கச் சொன்னேன். அவள் பதறிப்போய், நன்றி சொல்கிற இடத்திலாவது பட்டம்மாள் என்று போடட்டுமா என்றாள். ஓடாத ஆளை ஓடினதாகப் போடாதே என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அம்மா பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் அதுதான். மூலக்கொத்தளத்தில் புதைத்த இடத்தில் கல்கூடக் கிடையாது.

11 ஜனவரி, ஞாயிறு

சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள். பையன்கள் வந்து, “பெரியம்மா, இந்த வருஷம் நாங்க யார கூப்டணும்?” என்று கேட்டார்கள். பேசாமல் போங்கடா என்று விரட்டினேன்.

நாள் முழுக்க ஒரே நினைப்பு. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது அண்ணனிடம் உட்கார்ந்து அம்மா எப்படி இருப்பாள் என்று கேட்டிருக்கிறேனா? கேட்டதே இல்லை. எனக்குத்தான் சுவரில் இருக்கிறாளே, இவரை எதற்குக் கேட்பது என்று இருந்துவிட்டேன். பக்கத்து பிளாக்கில், கூப்பிடு தூரத்தில், அம்மாவை ஏழு வருஷம் பார்த்த கண் இருக்கிறது. நான் சாம்பல் பூச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கேட்கவேண்டும். நிறம் என்ன, மூக்கு எப்படி, சிரித்தால் பல் தெரியுமா. எல்லாவற்றையும் கேட்கவேண்டும். காணும் பொங்கல் முடியட்டும்.

18 ஜனவரி, ஞாயிறு

நேற்று சுவரில் போட்டார்கள். எப்போதும் இல்லாத கூட்டம். தண்டையார்பேட்டையிலிருந்து ரஹீமுன்னிசா வீட்டார் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்வரிசை நாற்காலி. நான் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் துண்டை எடுத்து நாற்காலியில் தூசி தட்டிவிட்டார். அவ்வளவுதான், பேச்சு வந்துவிட்டது எங்களுக்கு.

சங்கு ஊதியது. ஏகாம்பரம் ஓடினார், ஆயா ஓடினாள், தெரு கத்தியது. அவள் வந்தாள். முன்வரிசையில் எல்லோரும் எழுந்து நின்று, “மைமூன்! எம்மா! மைமூன்!” என்றார்கள். எங்கள் ஆட்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பது முதுகில் தெரிந்தது. அண்ணனைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று காலை அவர் வீட்டுக்குப் போனேன். அதிரசம் கொண்டுபோனேன். தின்று முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

“ண்ணா, அம்மா எப்படி இருப்பா?”

அவர் கையைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“தெர்ல பாப்பா.”

“தெர்லன்னா? ஏழு வயசு ஒனக்கு.”

“இருந்துச்சு. நல்லா ஞாபகம் இருந்துச்சு. ஆனா வருஷா வருஷம் அந்தப் பொண்ணையே பாத்து எம்மா எம்மான்னு கத்திகினு இருந்தேனா... ஒரு கட்டத்துல கண்ண மூட்னா அதுதான் வர ஆரம்பிச்சிது. நம்ம அம்மா பூட்டா. எப்ப போனான்னே தெர்ல. சரி, இதுவாச்சும் கீதேன்னு வுட்டுட்டேன்.” அவர் என்னைப் பார்க்கவில்லை. “நேத்து அவங்க வூட்டாளுங்க கூப்ட்டாங்க பாரு. அதோட அதுவும் பூடுச்சு. காத்தால எழுந்து கண்ண மூடிப் பாத்தேன். யாரும் வரல.”

அதற்காகத்தான் சாவியைக் கொடுக்க மாட்டேன் என்றாரா? எனக்காக அவர் தன் அம்மாவையே கொடுத்திருக்கிறார். நான் கூட்டம் போட்டு, கை தூக்க வைத்து, மிச்சத்தையும் பிடுங்கினேன்.

“அழாத” என்றார். “அடிச்சது ஞாபகம் கீது. தண்டவாளத்தாண்ட ஆட போனேன்னு முதுகுல வெச்சா பாரு ஒண்ணு. அப்பா! அஞ்சு வெரலும் பதிஞ்சிச்சாம். அது மட்டும் நல்லா கீது.”

“எங்க அடிச்சா?”

காட்டுவதற்குக் கையைப் பின்னால் கொண்டுபோனார். தோள் வலி, கை எட்டவில்லை. நான் எழுந்து அவர் பின்னால் போய், பனியன்மேல் உள்ளங்கையை வைத்தேன்.

“இங்கயா?”

“இன்னும் கொஞ்சம் கீழ, பாப்பா.”